படைத்தலைவிக்குக் கவசம் மாட்டினேன், இப்போது அவளால் தலை சொறிய முடியாதாம்

தூரிகைத்தம்பி, ஜார்ஜ்டவுன்:

வணக்கம். ஒரு சின்ன கேம் குழுவுக்குப் பாத்திர ஓவியம் வரைந்து கொடுக்கிறேன். 1025ல் ராஜேந்திர சோழனின் கப்பல்கள் கடாரத்துக்கு, அதாவது நம்ம கெடாவுக்கு, வந்தன இல்லையா, அதை அடியில் வைத்துக் கட்டிய கற்பனை உலகம். மந்திரம் உண்டு, பறக்கிற யாளி உண்டு, ஒரு பெண் படைத்தலைவி உண்டு. வரலாற்றுப் படம் இல்லை என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் "சோழர் காலத்தில் இது கிடையாது" என்று பத்துப் பேர் வந்து நிற்பீர்கள்.

படைத்தலைவியை ஒரு வாரம் உட்கார்ந்து வரைந்தேன். மார்புக்கு ஏற்ற மாதிரி இரண்டு கிண்ணமாக வளைத்த இரும்புக் கவசம், வயிறு திறந்திருக்கும், தோளில் தலையைவிடப் பெரிய யாளிமுகம் இரண்டு, முதுகில் அவள் உயரத்துக்கே ஒரு வாள். எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. நேற்று மாமா வீட்டுக்கு வந்தவர் தே தாரேக்கை உறிஞ்சிக்கொண்டே படத்தைப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "இந்தப் பிள்ளைக்குத் தலை அரிச்சா எப்படிடா சொறியும்?" கேட்டுவிட்டு அவர் பாட்டுக்குப் போய்விட்டார், எனக்குத்தான் தூக்கம் போச்சு. கண்ணாடி முன் நின்று கையைத் தூக்கிப் பார்த்தேன். உண்மைதான், அந்தத் தோள்கவசம் காதில் இடிக்கும்.

குழுவில் கேட்டால் "கெத்தா இருந்தா போதும்" என்கிறார்கள். எவ்வளவு நிஜம் இருந்தால் போதும், எங்கே கைவிடலாம்? வரைகிறவர்கள், ஆயுதம் பிடித்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.

இரும்புக்கிறுக்கன், செந்தூல்:

மாமாவுக்கு என் சலாமைச் சொல்லிவிடு தம்பி.

முதலில் எடைக் கணக்கு, ஏனென்றால் பாதிப் பேர் இதில்தான் வழுக்குகிறார்கள். ஐரோப்பியர் போருக்குப் போட்ட முழு உடல் தகட்டுக் கவசம் ஏறத்தாழ 15 முதல் 25 கிலோ. அதைப் போட்டுக்கொண்டு ஓடலாம், விழுந்தால் எழுந்திருக்கலாம், குதிரையில் தானே ஏறலாம். இரு கைக்கும் ஏற்ற நீள வாள் பெரும்பாலும் ஒன்றிலிருந்து ஒன்றே முக்கால் கிலோ, அதைவிடப் பெரிய ராட்சத வாள்களே இரண்டிலிருந்து மூன்றரைக்குள்தான். நீ வரைந்திருப்பதை இரும்பில் அடித்தால் இருபது கிலோவாவது வரும் போல, அதைச் சுவரில் சாய்த்து வைக்கலாம்.

25 கிலோவைப் போட்டுக்கொண்டு எப்படி ஓடினார்கள் என்பதுதான் விஷயம். பத்துமலையில் காவடி எடுத்தவன் யாரையாவது பிடித்துக் கேள். பெரிய காவடியின் சட்டம் தோளில் மட்டும் உட்கார்ந்தால் 272 படியில் பாதிகூடத் தாண்டாது. தோளுக்குப் பஞ்சுத் தலையணை, இடுப்பில் அகலமான பட்டை, பாதி எடை இடுப்பில் இறங்கும். தகட்டுக் கவசமும் அதே சூத்திரம்தான். இடுப்பை ஒடுக்கிச் செய்வது அழகுக்கு மட்டும் இல்லை, எடை அங்கே உட்காரவேண்டும். வளையம் கோத்த சங்கிலிச் சட்டை முழுக்கத் தோளில் தொங்கும், அதனால்தான் அதன் மேல் ஒரு வாரை இறுக்கிக் கட்டுவார்கள். உன் படைத்தலைவியின் இடுப்பு வெறுமையாக இருக்கிறது. அந்த இரும்பு மொத்தமும் எதில் தொங்குகிறது, கழுத்திலா?

அடுத்து அந்த இரட்டைக் கிண்ணம். நெஞ்சுத் தகடு வெளிப்பக்கம் உருண்டு இருப்பதே அடி வழுக்கிப் பக்கவாட்டில் போகத்தான். நீ நடுவில் ஒரு பள்ளம் வெட்டி, வருகிற ஈட்டி முனையை நெஞ்செலும்புக்கு நேராக வழிகாட்டி அனுப்புகிறாய். கீழே விழுந்தாலும் அந்த மடிப்புதான் முதலில் எலும்பில் இடிக்கும். உள்ளே எப்படியும் கனமான பஞ்சுச் சட்டை போடவேண்டும், அதைப் போட்ட பிறகு ஆண் பெண் வித்தியாசம் வெளியே பெரிதாகத் தெரியாது.

அட, பஞ்சு என்றதும் ஞாபகம் வருகிறது. நம்ம பக்கக் கவசத்துக்கு ஏன் ஐரோப்பாவுக்கு ஓடுகிறோம்? 1520 வாக்கில் விஜயநகரத்தைப் பார்த்த போர்ச்சுகீசியர் தோமிங்கோ பயேஸ், அங்கே வீரர்கள் பஞ்சு வைத்துத் தைத்த அங்கி போட்டிருந்ததை எழுதிவைத்திருக்கிறார். அடுக்கடுக்காகத் துணி தைத்தால் வாள் வெட்டு சுலபமாக இறங்காது. சங்கப் பாட்டில் கவசத்துக்கு "மெய்ம்மறை" என்றே ஒரு சொல் இருக்கிறது, எவ்வளவு அழகான பெயர், உன் கேமில் அந்தப் பெயரையே வைக்கலாம். இன்னொன்று, உன் ஆட்கள் கப்பலில் வருகிறார்கள். உப்புக் காற்றில் இரும்பு என்ன ஆகும் என்று பினாங்குக்காரனுக்கு நான் சொல்லவேண்டாம், உங்கள் வீட்டு ஜன்னல் கம்பியைப் பார். ஆனால் பஞ்சு நனைந்தால் ஈரச் சாக்கு மாதிரி கனக்கும், அதுவும் உண்டு.

ஃபோம்அக்கா, பிரிக்ஃபீல்ட்ஸ்:

நான் வரைகிறவள் இல்லை, வரைந்ததைப் போட்டுக்கொண்டு நடக்கிறவள். அதனால் கேள் தம்பி.

சில வருடத்துக்கு முன்னால் டிசம்பர் காமிக் விழாவுக்கு இதே மாதிரி ஒரு கவசம் செய்தேன், பத்து மில்லிமீட்டர் ஃபோம், வெப்பத் துப்பாக்கியில் வளைத்து, ஒட்டி, வெள்ளி பெயிண்ட் அடித்து, கிட்டத்தட்ட முந்நூறு ரிங்கிட் போச்சு. படத்தில் இருந்ததை இம்மி பிசகாமல் செய்தேன், அதுதான் தப்பு. கே.எல். சென்ட்ரலில் எல்ஆர்டி ரயில் ஏறினால் கே.எல்.சி.சி. ஐந்தாவது நிறுத்தம். அந்த ஐந்து நிறுத்தத்துக்கும் நான் நின்றுகொண்டேதான் வந்தேன், உட்கார்ந்தால் தொடைத் தகடு வயிற்றைக் குத்துகிறது. மேலே பிடித்துக்கொள்ளக் கை தூக்க முடியவில்லை, ஒரு பள்ளிப் பையன் என் முதுகுத் தகட்டைப் பிடித்துக்கொண்டே வந்தான், பாவம். மதியம் தோழி தாப்பாவ் பண்ணி, பொட்டலமாகக் கொண்டு வந்த நாசி லெமாக்கை அவளே ஊட்டிவிட்டாள், ஏனென்றால் என் கரண்டி வாய்வரை வரவில்லை. கழிப்பறைக் கதையை இங்கே எழுதமாட்டேன், இரண்டு பேர் உதவினார்கள் என்பதோடு விடுங்கள்.

இதெல்லாம் ஃபோம். மூன்று கிலோகூட இருக்காது.

அடுத்த வருடம் தோளை மட்டும் பிரித்துச் செய்தேன். ஒரே பெரிய கிண்ணமாக இல்லாமல் ஐந்து பட்டையாக வெட்டி, மீன் செதில் மாதிரி ஒன்றின் மேல் ஒன்று ஏறி நிற்க, உள்ளே வார் வைத்துக் கோத்தேன். கை தூக்கினால் பட்டைகள் ஒன்றுக்குள் ஒன்று போய்விடும். பிறகுதான் தெரிந்தது, நிஜத் தோள்கவசமும் இப்படித்தானாம், தகட்டுப் பட்டைகளைத் தோல் வாரில் ஆணி அடித்து வைப்பார்களாம். நான் என்னமோ புதிதாகக் கண்டுபிடித்த மாதிரி ஆடினேன்.

உன் படத்தில் எனக்குப் பெரிய குறை யாளியோ வயிறோ இல்லை. ஒரு கொக்கி, ஒரு வார், ஒரு முடிச்சுகூட எங்கேயும் இல்லை. இவள் காலையில் இதை எப்படிப் போட்டாள்? யார் கட்டிவிட்டார்கள்? அதை யோசித்துவிட்டால் பாதி டிசைன் தானாக வந்துவிடும்.

சும்மாசொல்றேன்:

எல்லாரும் சேர்ந்து பையனைப் பயமுறுத்தாதீங்க லா. பறக்கிற யாளிக்கு இறக்கை எத்தனை கிலோ என்று யாரும் கேட்கவில்லை, இந்தப் பெண்ணின் தோளுக்கு மட்டும் தராசு எடுத்து வருகிறீர்கள்.

இது போனில் விளையாடுகிற கேம். பாத்திரம் கட்டைவிரல் அளவுதான் தெரியும். அந்த அளவில் யார் தலைவி, யார் வில்லாளி என்று நிழலுருவத்திலேயே தெரியவேண்டும், அதற்குத்தான் பெரிய தோள். தலைக்கவசம் போடாததும் முகம் தெரியத்தான். இதெல்லாம் வரைகிறவனின் தேவை, தப்பில்லை.

நிஜக் கவசம் என்றால் ஏதோ சிக்கனமாக, அடக்கமாக இருந்தது என்று நினைக்காதீங்க. கிரேக்கரும் ரோமரும் வெண்கலத்தில் வயிற்றுத் தசை, தொப்புள் எல்லாம் அடித்துப் போட்டுக்கொண்டார்கள். 16ஆம் நூற்றாண்டில் மிலானில் பிலிப்போ நெக்ரோலி என்று ஒரு கொல்லர், இரும்பில் அரக்க முகம் புடைத்த தலைக்கவசங்கள் செய்தார், இன்றைக்கு எந்த கேமில் வைத்தாலும் "ஓவர்" என்பீர்கள். இங்கிலாந்து ராஜா எட்டாம் ஹென்றிக்கு 1540ல் செய்த கவசத்தைத் தேடிப் பாருங்கள், அரைக்கு முன்னால் என்ன முட்டிக்கொண்டு நிற்கிறது என்று. இரட்டைக் கிண்ணத்துக்குச் சிரிக்கிறவர்கள் அதற்கும் கொஞ்சம் சிரிக்கவும்.

இரும்புக்கிறுக்கன், செந்தூல்:

ஹாஹா, ஹென்றியை மறந்தேபோனேன். ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்தக் கவசத்தையும் ராஜா கட்டிக்கொண்டு நடந்தார் பாருங்கள், வார் இருந்தது, மூட்டு மடங்கியது. பந்தா காட்ட வேண்டாம் என்று நான் சொல்லவேயில்லை. நெக்ரோலி வேலை மாதிரி யாளிமுகத்தைத் தலைக்கவசத்திலோ கேடயத்திலோ வைத்தால் தோள் தப்பிக்கும், அவ்வளவுதான்.

கம்புக்காரன், கெப்போங்:

தாமதமாக வருகிறேன், சனிக்கிழமை வகுப்பு. இருபது வருடமாகச் சிலம்பம் சொல்லிக்கொடுக்கிறேன், கவசம் எனக்குத் தெரியாது, கையில் இருப்பதைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

தம்பி, வீட்டில் துடைப்பக்கட்டை இருக்கும். அதை முதுகில் சேலைத் துணியால் கட்டிக்கொண்டு, வலது கையால் தோளுக்கு மேல் முழுக்க உருவிப் பார். உன் கை நீளம் முடிகிற இடத்தில் கட்டை நின்றுவிடும், மிச்சம் உறைக்குள்ளேயே இருக்கும். உயரத்துக்குச் சமமான வாளை முதுகு உறையிலிருந்து உருவ எந்த மனிதனாலும் முடியாது. அவ்வளவு பெரிய வாளைக் கையில் எடுத்துத் தோளில் சாய்த்துக்கொண்டுதான் நடந்தார்கள். அப்படியே வரை, இன்னும் கெத்தாக இருக்கும். உன் மாமா தோட்டத்து ஆள் மாதிரி தெரிகிறது, பாராங் எங்கே தொங்கும் என்று அவரைக் கேள். இடுப்பில். ஒரு கிலோகூடத் தேறாத கத்தி, அதையே ஒரு மணி நேரம் வீசினால் மறுநாள் சோறு பிசைய விரல் மடங்காது.

என் வகுப்பில் சேர்கிற பையன்கள் எல்லாரும் முதல் நாளே கனமான கம்பாகப் பார்த்து எடுப்பார்கள். பத்து நிமிடத்தில் அவர்களே போய் இளசான பிரம்புக்கு மாற்றிக்கொள்வார்கள், நான் ஒன்றும் சொல்வதில்லை. நெற்றி உயரத்துக்கு ஒரு கம்பு, அது சுழன்று திரும்பி வருகிற வேகம்தான் அடி.

வில்லாளி என்று ஒருவர் மேலே சொன்னார், அதுவும் ஒரு எரிச்சல். ஒல்லிப் பெண்ணுக்கு வில், தடியனுக்குக் கோடரி என்று எல்லா கேமிலும் கொடுக்கிறார்கள். 1545ல் மூழ்கிய மேரி ரோஸ் என்ற இங்கிலாந்துப் போர்க்கப்பலிலிருந்து எடுத்த போர் விற்களை இழுக்க 45 கிலோவுக்கு மேல் விசை வேண்டுமாம். கொத்தனார் முதுகு இருக்கிறவர்தான் அதை நாள் முழுக்க இழுக்க முடியும். வில்லாளிக்கு முதுகையும் தோளையும் திரட்டி வரை.

வித்தியாசமான ஆயுதம் வேண்டும் என்றால் 17ஆம் நூற்றாண்டுத் தஞ்சாவூர்க் கட்டாரியைப் பார். பிடி குறுக்காக இருக்கும், முஷ்டியால் குத்துகிற மாதிரி பிடிக்கவேண்டும், கைக்கு மேல் பாய்மரத் துணி விரிந்த மாதிரி ஒரு தகடு மூடியிருக்கும். கற்பனை ஓவியன் வரைந்தது என்று சொன்னால் நம்பிவிடுவார்கள். காலம் சோழருக்குப் பிந்தியது, ஆனால் நீதான் யாளியையே பறக்க விட்டாயே.

கடைசியாக ஒன்று. உன் வாள் நேற்றுக் கடையில் வாங்கிய மாதிரி பளபளக்கிறது. ஔவையார் தொண்டைமானின் ஆயுதக் கொட்டிலைப் பார்த்துச் சொன்னது ஞாபகம் இருக்கிறதா? இங்கே எல்லாம் மயில் பீலி கட்டி, மாலை போட்டு, நெய் தடவி அழகாக இருக்கிறது, எங்கள் அதியமானுடையது நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கிறது என்று. படைத்தலைவி எந்தக் கட்சி என்று முடிவு பண்ணு.

தூரிகைத்தம்பி, ஜார்ஜ்டவுன்:

அண்ணே, துடைப்பத்தை உருவப் போய் மின்விசிறியில் அடித்தேன். அம்மா திட்டு. ஆனால் புரிந்துவிட்டது.

இரண்டு நாளாகத் திருத்துகிறேன். இடுப்பில் அகலப் பட்டை போட்டேன், அப்பாவின் பழைய காவடிப் பட்டையை எடுத்துவைத்துப் பார்த்தே வரைந்தேன், கொக்கி பக்கத்தில் தோல் வெடித்திருப்பதுகூட வந்துவிட்டது. நெஞ்சு ஒரே உருண்டை. கீழே பஞ்சு அங்கி, கழுத்திலும் அக்குளிலும் தையல் தெரிகிறது. தோளில் ஐந்து பட்டை, ஃபோம்அக்கா சொன்னபடி, மேல் பட்டையில் மட்டும் சின்னதாக யாளிப் பல். பெரிய யாளிமுகம் கேடயத்துக்குப் போய்விட்டது. வாளைத் தோளில் சாய்த்துக்கொண்டு நிற்கிறாள், முனைக்கு இரண்டு விரல் கீழே ஒரு பல் உடைந்திருக்கிறது. கட்டைவிரல் அளவுக்குச் சுருக்கிப் பார்த்தேன், அந்தச் சாய்ந்த வாளே அவளை அடையாளம் காட்டிவிடுகிறது, சும்மாசொல்றேன் அண்ணனுக்கு அதற்காக நன்றி.

குழுவில் ஒருத்தன் மட்டும் வயிறு எங்கே என்று கேட்டான். உள்ளே இருக்கிறது என்றேன்.

அக்கா, ஒரு சந்தேகம். நெஞ்சுத் தகட்டின் கொக்கி இடது பக்கமா வலது பக்கமா? அவளே தனியாகப் போட்டுக்கொள்கிற மாதிரி வேண்டும்.

ஃபோம்அக்கா, பிரிக்ஃபீல்ட்ஸ்:

வலது கைக்காரி என்றால் இடது பக்கம் வை, வலது கை குறுக்கே வந்து இழுக்க வசதி. தோள் வாரை மட்டும் முன்னால் வை, முதுகுப் பக்கம் வைக்காதே. அந்தப் பள்ளிப் பையன் எல்லா நேரமும் கிடைக்கமாட்டான்.