மலேசியப் பாஸ்போர்ட்: விசா இல்லாமல் ஜெர்மனி போய் மெஷின் பொருத்தலாமா?

கேள்வி (பினாங்கு சர்வீஸ்):
எங்கள் கம்பெனி ஒரு ஜெர்மன் ஆலைக்கு பேக்கிங் மெஷின் விற்றிருக்கிறது. பொருத்தி, ஓட்டிக்காட்டி, ஆபரேட்டர்களுக்குச் சொல்லிக்கொடுக்க மூன்று வாரம் ஆகும். 90 நாள் விசா விலக்கு வேலைக்கும் செல்லுமா? அடுத்து பிரான்ஸின் லியோனில் இன்னொரு மெஷின் இருக்கிறது.

பதில் (பிரிவு 19):
விலக்கு உள்ளே வருவதற்குத்தான். சம்பள வேலையில் இறங்கினால் விலக்கே போய்விடும். ஆனால் சில வேலைகளை ஜெர்மன் சட்டம் வேலையாகவே எண்ணுவதில்லை. உங்களுடையது அதில் வருகிறது. வேலைவாய்ப்பு விதிமுறையின் 19(1), 30 இரண்டு பிரிவுகளையும் சேர்த்துப் படியுங்கள். பொருத்துதல், பழுதுபார்த்தல், இயக்கச் சொல்லித்தருதல் எல்லாம் அடக்கம், மென்பொருள் உட்பட. ஆனால் மெஷின் உங்கள் கம்பெனியிடமே ஆர்டர் செய்யப்பட்டிருக்க வேண்டும். வேலை தொடங்கும் முன்பே ஜெர்மன் மத்திய வேலைவாய்ப்பு முகமைக்குக் கம்பெனி அறிவித்திருக்கவும் வேண்டும். பலர் சிக்குவது ஆர்டரில்தான்: அதில் ஒரு கம்பெனி பெயர், வந்து நிற்கும் ஆள் சப்-கான்ட்ராக்ட் கம்பெனியைச் சேர்ந்தவர். அவருக்கு இந்தப் பிரிவு உதவாது.

பதில் (நாள்கணக்கு):
கணக்கு இரண்டு இருக்கிறது, குழப்பிக்கொள்ளாதீர்கள். மீட்டிங், பேரம் பேசுவதற்கு 180 நாளில் 90. மெஷின் பொருத்த 12 மாதத்தில் 90. ஜனவரி 1 முதல் மார்ச் 31 வரை முழுக்கப் பொருத்தினால், ஜூன் 30 அன்று மறுபடி ஷெங்கனுக்குள் (ஜெர்மனி, பிரான்ஸ் உட்பட ஒரே எல்லைக் கணக்கில் வரும் ஐரோப்பிய நாடுகள்) வரலாம், மீட்டிங்கில் உட்காரலாம். ஆனால் ஸ்பேனரைத் தொட அடுத்த ஜனவரி வரவேண்டும். இறங்கும் நாள், கிளம்பும் நாள் இரண்டுமே முழு நாள், இரவு 11.50-க்கு இறங்கினாலும் ஒரு நாள் போச்சு.

பதில் (பிரிவு 19):
லியோன் தனிக் கதை. ஜெர்மன் விலக்கு பிரான்ஸில் செல்லாது, ஆனால் ஷெங்கன் நாள் மட்டும் அங்கேயும் ஓடும். மூன்று மாதத்துக்கு உட்பட்ட வேலைகளுக்கு பிரான்ஸ் தரும் விலக்குப் பட்டியலில் கண்காட்சி, கருத்தரங்கு, பொறியியல் ஆடிட் எல்லாம் உண்டு. மெஷின் பொருத்துவது அதில் இல்லை. வேலை அனுமதி எடுத்துவிட்டே போங்கள். வெளிநாட்டுக் கம்பெனி அனுப்பும் ஆட்களைப் பதியும் பிரெஞ்சு அரசின் சிப்சி (SIPSI) தளத்தில் கம்பெனி முன்கூட்டியே பதிவதும் கட்டாயம்.

கேள்வி (பினாங்கு சர்வீஸ்):
இமிக்ரேஷனில் என்ன காட்டுவது?

பதில் (நாள்கணக்கு):
ஆர்டர் நகல், முகமைக்கு அனுப்பிய அறிவிப்பு, கம்பெனி கடிதம். கடிதத்தில் மெஷின் சீரியல் எண், தேதிகள், சம்பளம் மலேசியாவிலேயே என்ற வரி இருக்கட்டும். "வேலைக்கு வந்தேன்" என்று மொட்டையாகச் சொன்னால் ஓரமாக நிற்கச் சொல்வார்கள். "நாங்கள் விற்ற மெஷினைப் பொருத்த" என்று சொல்லி, ஆர்டரை மேலே வைத்து நீட்டுங்கள்.