துணி துவைக்கும் வெந்நீருக்கு எத்தனை யூனிட்?

கணக்குப்பிள்ளை:
ஒரு லிட்டர் நீரை ஒரு டிகிரி சூடாக்க 1.163 வாட்-மணி வேண்டும்; ஆயிரம் வாட்-மணி ஒரு யூனிட். என் இயந்திரத்தின் கையேடு ஒரு துவைப்புக்கு 50 லிட்டர் என்கிறது. 25 டிகிரி நீரை 60 ஆக்கினால், 50 × 35 × 1.163. இரண்டு யூனிட்டுக்குச் சற்று மேல். வாரம் நான்கு முறை என்றால் ஆண்டுக்கு 420 யூனிட்டைத் தாண்டுகிறது. இதில் மறுக்க என்ன இருக்கிறது?

ஈரத்துணி:
பெருக்கல் சரி, எடுத்த எண்தான் தவறு. முன்பக்கக் கதவுள்ள இயந்திரம்தானே? சோப்பு போட்டுத் துவைக்க எடுக்கும் நீரை மட்டும்தான் அது சூடாக்கும். சுமார் 15 லிட்டர். அலசுவதெல்லாம் பச்சைத்தண்ணீர். 15 × 35 × 1.163 போட்டுப் பாருங்கள், 0.61 யூனிட்தான். மூன்று மடங்குக்கு மேல் ஊதிவிட்டீர்கள்.

கணக்குப்பிள்ளை:
அந்த 15 எங்கிருந்து குதித்தது? கையேட்டில் அப்படி ஓர் எண்ணே இல்லை. துணியும் தொட்டியும் சூடாகாதா? அவற்றை வசதியாக மறந்துவிட்டீர்கள்.

ஈரத்துணி:
முதல் வடிகாலின்போது கழிவுநீர்க் குழாயை வாளிக்குள் விட்டுப் பிடித்தேன். 11 லிட்டர் வந்தது. மீதியைத் துணி குடித்திருந்தது. சூட்டைப் பற்றிக் கேட்டீர்கள். ஒரு கிலோ பருத்தியைச் சூடாக்க, ஒரு கிலோ நீருக்கு ஆவதில் மூன்றில் ஒரு பங்குகூட வேண்டாம். நான்கு கிலோ துணிக்கு 0.05 யூனிட். எஃகு அதைவிடச் சாது. பத்து கிலோ இருந்தாலும் இன்னொரு 0.05. எல்லாம் சேர்த்து 0.71. உங்கள் இரண்டு எங்கே?

மின்னளவி:
குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். நான் செருகியில் மாட்டும் அளவி வைத்திருக்கிறேன். 60 டிகிரித் துவைப்புக்கு 0.92 காட்டியது. அதே துவைப்பைச் சூடில்லாமல் ஓட்டினால் 0.16, அது மோட்டாரும் பம்பும் தின்றது. வித்தியாசம் 0.76. ஈரத்துணி கிட்டத்தட்ட சரி. ஆனால் இருவருமே ஆண்டு முழுவதும் குழாய் நீர் 25 டிகிரி என்று வைத்துக்கொண்டீர்கள். குளிர்காலத்தில் அது 10 ஆனால், ஏற்ற வேண்டியது 35 அல்ல, 50. அப்போது அதே 15 லிட்டருக்கு 0.87 யூனிட் ஆகும்.

கணக்குப்பிள்ளை:
பார்த்தீர்களா, ஏறுகிறது!

ஈரத்துணி:
ஏறட்டும், இரண்டை எட்டாது. மிச்சம் பிடிக்க வேண்டுமானால் 40 டிகிரியில் துவையுங்கள்.

கணக்குப்பிள்ளை:
60-இல் 20 போனால் மூன்றில் ஒரு பங்குதானே மிச்சம்? அதற்காக அழுக்கை ஏன் சகிக்க வேண்டும்?

மின்னளவி:
பூஜ்யத்திலிருந்தா நீர் சூடாகிறது? 25-இலிருந்து கணக்கிடுங்கள். 35 டிகிரி ஏற்றம் 15 ஆகிறது. பாதிக்கும் மேல் மிச்சம்.

கணக்குப்பிள்ளை:
அது சரி, ஒப்புக்கொள்கிறேன். அந்த 11 லிட்டரை மட்டும் நம்பமாட்டேன். நாளை வாளியோடு உட்காரப்போகிறேன்.