குமுளி ஏற்றத்தில் திணறும் 2023 மாடல் எலக்ட்ரிக் பைக், வழி சொல்லுங்கள்

கம்பத்தில் இருந்து குமுளியில் வேலை பார்க்கும் ஏலக்காய்க் கடைக்குத் தினமும் எலக்ட்ரிக் பைக்கில்தான் போய் வருகிறேன். 2023 மாடல், 31,000 கி.மீ. ஓடியிருக்கிறது. இந்த ஏப்ரலில் இருந்து மலையடிவாரத்து லோயர்கேம்ப் தாண்டி மூன்றாவது வளைவு வந்ததும் மீட்டரில் மஞ்சள் விளக்கு எரிகிறது, 50-ல் போன வண்டி 22-க்கு இறங்கிவிடுகிறது, பின்னால் பஸ் ஹாரன் அடிக்கும்போது உயிரே போய்விடும். மோட்டார் மூடியில் கை வைக்க முடியாத சூடு. பத்து நிமிடம் ஓரமாக நிறுத்தினால் சரியாகிவிடும். சமவெளியில் தொந்தரவே இல்லை.

டயர் காற்று பார்த்தாச்சு, பிரேக் விடாமல் உரசிக்கொண்டே இருக்கிறதா என்று பின்சக்கரத்தைத் தூக்கிச் சுற்றியும் பார்த்தேன், எக்கோ மோடில் ஏறினேன், விடியற்காலை 5 மணிக்கும் ஏறினேன். சாஃப்ட்வேர் அப்டேட் போட்ட பிறகு இன்னும் சீக்கிரமே வேகம் குறைகிறது. சர்வீஸ் சென்டருக்கு இரண்டு தடவை போனேன், அந்த வருஷ மாடல் அப்படித்தான், புது மாடலில் கண்ட்ரோலரை (மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் பெட்டி) மாற்றிவிட்டார்கள் என்று அனுப்பிவிட்டார்கள். வருஷா வருஷம் புதுசு வரட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை, ஆனால் எனக்கு இன்னும் 14 மாதம் தவணை பாக்கி இருக்கிறது, அதற்குள் வண்டியைக் கைவிட முடியாது.

பழைய வண்டியில் புது மாடல் கண்ட்ரோலரை மாட்டி, பேட்டரியைக் கண்காணித்துப் பாதுகாக்கும் பிஎம்எஸ் சர்க்யூட் அதை ஏற்க மறுக்காமல் மலை ஏறியவர்கள் யாராவது இருக்கிறீர்களா?