மணி ஒலிக்கிறது, பதில் குறைகிறது: யோசனை சொல்லுங்கள்

நண்பர்களே, சைக்கோசிஸ் (இல்லாத குரல் கேட்பது, காரணமற்ற சந்தேகம் போன்றவை வரும் மனநலப் பாதிப்பு) உள்ளவர்களின் அன்றாட அனுபவங்களைக் கைபேசி வழியாகப் பதிவு செய்யும் ஆய்வு ஒன்றில் வேலை செய்கிறேன். இத்துறையில் பரவலாக உள்ள முறைதான்: நாளுக்கு 10 தடவை, 6 நாட்களுக்கு, எதிர்பாராத நேரங்களில் மணி ஒலிக்கும். மனநிலை எப்படி, யாருடன் இருக்கிறீர்கள், குரல் ஏதும் கேட்கிறதா என்று அந்தக் கணத்தைப் பற்றிச் சில கேள்விகள்.

தொடக்கத்தில் பதில்கள் நன்றாக வருகின்றன. அப்புறம் குறைகின்றன, காலையில் ரொம்பவே. மருந்தால் வரும் தூக்கக் கலக்கம் ஒரு காரணமாக இருக்கலாம். என் பெரிய கவலை வேறு. பயமும் சந்தேகமும் கூடும் நேரத்தில்தான் ஒருவர் கைபேசியைத் தள்ளி வைக்கிறார் என்றால், நாம் அறிய விரும்பும் நேரமே தரவில் இருக்காது. மணி ஓசையே "என்னைக் கண்காணிக்கிறார்கள்" என்ற எண்ணத்தைத் தூண்டிவிடவும் கூடாது.

மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாகப் பதில் தந்தவர்களைப் பகுப்பாய்விலிருந்து நீக்கும் வழக்கம் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. அதிகம் அவதிப்படுகிறவர்களே அப்படி வெளியே போய்விடலாம்.

இதுபோன்ற ஆய்வு செய்தவர்கள், பங்கேற்றவர்கள், குடும்பத்தினர் சொல்லுங்கள்: மணிகளின் எண்ணிக்கையைக் குறைத்தது உதவியதா? நடுவில் ஆய்வாளர் தொலைபேசியில் பேசியது துணையாக இருந்ததா, தொந்தரவாக இருந்ததா? ஒவ்வொருவரும் விழிக்கும் நேரத்துக்கேற்ப மணி நேரங்களை மாற்றியவர்கள், பகுப்பாய்வில் அதை எப்படிக் கையாண்டீர்கள்?