ஒட்டுக்கேட்பு ஆணை: பயங்கரவாத வழக்கு என்றால் அந்தரங்க உரிமை எங்கே நிற்கிறது?

கேள்வி – சட்டமாணவி:
லஞ்ச வழக்கொன்றில் ஒருவரின் தொலைபேசியைச் சிபிஐ ஒட்டுக்கேட்க 2011இல் மத்திய உள்துறை பிறப்பித்த ஆணையை, 2025 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் ரத்து செய்தார். ஒட்டுக்கேட்புக்குத் தந்திச் சட்டம் நிபந்தனையாக வைத்த பொது அவசரநிலையோ பொதுப் பாதுகாப்புக்கான தேவையோ அங்கே இருக்கவில்லை என்பது முதன்மைக் காரணம். குற்றச்சாட்டு பயங்கரவாதமாக இருந்தால் அந்த நிபந்தனை தானாகவே நிறைவேறிவிடும் அல்லவா? அப்படியானால், அந்தரங்கத்தை அடிப்படை உரிமை என்று 2017இல் அறிவித்த உச்ச நீதிமன்றத்தின் புட்டசாமி தீர்ப்பினால் உபா (UAPA – சட்டவிரோதச் செயல்கள் தடுப்புச் சட்டம்) வழக்கில் சிக்கியவருக்கு ஏதேனும் பயன் உண்டா?

பதில் 1 – கருப்பு அங்கி:
நிபந்தனை நிறைவேறலாம், நடைமுறை தீர்ந்துவிடாது. உள்துறைச் செயலர் கையெழுத்திட வேண்டும், ஆணைக்குக் கால வரம்பு வேண்டும், மறுஆய்வுக் குழு பார்க்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1996இல் மக்கள் சிவில் உரிமைக் கழக வழக்கிலேயே வகுத்துவிட்டது. உபா சட்டத்தின் 46ஆம் பிரிவும், ஒட்டுக்கேட்டதைச் சான்றாக ஏற்கும் முன்பு, அதற்கான ஆணையின் நகலை விசாரணைக்குப் பத்து நாட்களுக்கு முன்பே குற்றஞ்சாட்டப்பட்டவருக்குத் தர வேண்டும் என்கிறது (நீதிபதி அந்தக் கால அளவைத் தளர்த்தலாம்). ஓட்டை வேறிடத்தில் இருக்கிறது. நாடாளுமன்றத் தாக்குதல் வழக்கில் 2005இல் உச்ச நீதிமன்றம், தந்திச் சட்ட நடைமுறை சரிவரப் பின்பற்றப்படவில்லை என்பதற்காக மட்டுமே சான்று செல்லாததாகிவிடாது என்றது. விதியை மீறினாலும் விளைவு இல்லையென்றால் அந்த விதியை யார் மதிப்பார்கள்? புட்டசாமி தீர்ப்புக்குப் பிறகு இந்த நிலைப்பாடு மீண்டும் சோதிக்கப்பட வேண்டும் என்பது என் கருத்து.

பதில் 2 – பழைய காக்கி:
பணியில் இருந்தவன் என்ற முறையில் மறுபக்கத்தையும் சொல்கிறேன். சதி குறித்த தகவலின் ஆயுள் சில மணி நேரம்தான். செயலரை அணுக முடியாத அவசரத்தில், புலனாய்வு அமைப்பின் உயரதிகாரியே ஆணையிட்டு, மூன்று வேலைநாட்களுக்குள் தெரிவித்து, ஏழு வேலைநாட்களுக்குள் உறுதிசெய்துகொள்ள விதி இடமளிப்பது அதனால்தான். ஒவ்வொன்றுக்கும் நீதிமன்ற வாசலில் காத்திருக்கச் சொன்னால், குண்டு வெடித்த பிறகு அனுமதி கையில் கிடைக்கும்.

பதில் 3 – நெல்லை வாசகன்:
ஐயா சொல்லும் அவசரம் உண்மையானது. ஆனால் அது நீதிபதியே வேண்டாம் என்பதற்குக் காரணமாகாது. பிரிட்டனில் 2016ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைச்சர் கையெழுத்திட்ட பிறகு நீதித்துறை ஆணையர் (உயர் நீதிபதிப் பதவி வகித்தவர்) ஒருவரும் ஒப்புதல் தர வேண்டும். அவசரம் என்றால் முதலில் கேட்கத் தொடங்கிவிடலாம். மூன்று வேலைநாட்களுக்குள் அந்த ஒப்புதல் கிடைக்காவிட்டால் ஆணை செல்லாது. நம் நாட்டில் ஆணையிடுபவரும் அதிகாரி, அதை மறுஆய்வு செய்யும் குழுவில் இருப்பவர்களும் அமைச்சரவைச் செயலர் உள்ளிட்ட மூன்று செயலர்கள். இரண்டு மாதங்களுக்கு ஒருமுறை கூடும் அந்தக் குழுவின் முன்பு ஒவ்வொரு கூட்டத்திலும் 15,000 முதல் 18,000 ஆணைகள் வரை இருக்கும் என்று தரவுப் பாதுகாப்பு குறித்து ஆராய்ந்த நீதிபதி ஸ்ரீகிருஷ்ணா குழுவின் 2018ஆம் ஆண்டு அறிக்கை சுட்டிக்காட்டியது. மூன்று பேர் அத்தனை கோப்புகளையும் படிக்கிறார்கள் என்று நம்புவதற்குப் பெரிய மனது வேண்டும். 2023ஆம் ஆண்டு தொலைத்தொடர்புச் சட்டமும் அதன்கீழ் 2024இல் வந்த விதிகளும் இந்த அமைப்பை அப்படியே வைத்துக்கொண்டன.

சட்டமாணவி:
நன்றி. குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யப்படாத ஒருவர், தம் பேச்சு கேட்கப்பட்டதைப் பின்னர் அறிந்துகொள்ள வழி உண்டா?

கருப்பு அங்கி:
இல்லை. அவருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று எந்த விதியும் சொல்லவில்லை. அதனால், அந்தரங்க உரிமையை நீதிமன்றத்தில் எழுப்புபவர்கள் பெரும்பாலும் குற்றஞ்சாட்டப்பட்டவர்களாகவே இருக்கிறார்கள். சந்தேகத்தின்பேரில் கேட்கப்பட்டு, எதுவும் கிடைக்காமல் விடப்பட்டவர் வழக்குத் தொடுக்கவே முடியாது. உங்கள் ஆய்வுக்கு ஒன்று சொல்கிறேன். சென்னைத் தீர்ப்பின் இரண்டாவது காரணத்தைக் கவனியுங்கள்: ஒட்டுக்கேட்ட விவரங்கள் உரிய காலத்தில் மறுஆய்வுக் குழுவின் முன்பு வைக்கப்படவில்லை என்பதையும் நீதிபதி விதிமீறலாகக் கொண்டார். குற்றம் லஞ்சமா பயங்கரவாதமா என்பதைப் பொறுத்து அந்தக் காரணம் மாறுவதில்லை. உபா வழக்கில் ஆணையின் நகல் கைக்கு வந்தவுடன் நான் முதலில் கேட்பது, அது எந்தத் தேதியில் குழுவின் முன்பு வைக்கப்பட்டது என்பதைத்தான்.