சூட்கேஸ் ரோபோ வந்தால் வெள்ளைக்கோலை விட்டுவிடலாமா?

கேள்வி:
எனக்குப் பார்வை கிடையாது. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் சியெகோ அசகாவா குழு உருவாக்கிய சூட்கேஸ் வடிவ ரோபோவைப் பற்றிக் கேள்விப்பட்டேன். கைப்பிடி அதிர்ந்து எந்தப் பக்கம் திரும்பணும் என்று சொல்லுமாம். சரி, தரை ஈரமா, மணலா என்று என் கோல் சொல்கிறதே, அதையும் சொல்லுமா?

பதில் 1:
அசகாவாவே 14 வயதில் பார்வை இழந்தவர். உங்கள் சந்தேகம் அவருக்குப் புரியும்! அந்த ரோபோவில் உள்ள லைடார் என்ற உணரி லேசர் ஒளியால் தடைகளின் தூரத்தை அளக்கும், தரையின் தன்மையை அல்ல. கண்ணாடிச் சுவரில் ஒளி ஊடுருவிப் போவதால் ஏமாறவும் வாய்ப்புண்டு. விமான நிலையம் மாதிரி சமதளத்துக்குத்தான் இந்த ரோபோ பொருத்தம்.

பதில் 2:
மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் கைடுகேன் என்ற வழிகாட்டும் கோல் 1990களிலேயே மீயொலி (காதுக்குக் கேட்காத ஒலி) உணரிகளோடு வந்தது. சூட்கேஸ் ரோபோ மாதிரி அதற்கும் சக்கரம்தான். படிக்கட்டில் யார் தூக்குவது?

கேட்டவர்:
நான்தான், வேறு யார்! அப்போ கோலை விட்டுவிடாமல் பையில் வைத்துக்கொள்கிறேன். அப்புறம், கூட்டத்தில் சூட்கேஸ் ரோபோ வழி கேட்குமா, நின்றுவிடுமா?