சூதாட்ட விடுதிக் காட்சி: மூன்று ரோலில் முடிந்துவிடாமல் எப்படி நடத்துவது?

மணல்மேடு_டிஎம்

வணக்கம். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற, பகடை உருட்டிக் கதை ஆடும் விளையாட்டின் 5ஆம் பதிப்பில் ஒரு கேம்பெயின் (தொடர்கதை) நடத்துகிறேன், நான்கு பேர் ஆடுகிறார்கள். அடுத்த செஷனில் பார்ட்டி (ஆடுபவர்களின் பாத்திரங்கள்) ஒரு துறைமுக நகரத்துக்குள் நுழைகிறது. கடத்தல்காரர்களும் சுங்க அதிகாரிகளும் ஒரே கூரையின் கீழ் சூதாடும் ஊர் அது. எங்கள் ரோக் (கைவித்தைத் திருடன் பாத்திரம்) இந்த இடத்துக்காகவே பல வாரமாகக் காத்திருக்கிறான்.

2017இல் வந்த ஸனாதர்ஸ் கைடு என்ற கூடுதல் விதிநூலில் இதற்கு விதி இருக்கிறது. விளையாட்டுக்குள் ஒரு வாரத்தை ஒதுக்கி, 10 முதல் 1000 பொற்காசு வரை வைத்து, இன்சைட் (மனசை அறிதல்), டிசெப்ஷன் (ஏமாற்றுதல்), இன்டிமிடேஷன் (மிரட்டுதல்) என்று மூன்று செக், அதாவது திறமையைச் சோதிக்கும் ரோல். ஒவ்வொன்றுக்கும் டிசி (எட்ட வேண்டிய எண்) 5 + 2டி10, அதாவது ஐந்தோடு இரண்டு பத்துப் பக்கப் பகடையின் கூட்டல். கணக்கு நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் சூதாடிய படபடப்பு வருவதில்லை. முழுசாக ஒரு சீட்டாட்டத்தை நடத்தினாலோ ரோக்கைத் தவிர மற்ற மூவரும் ஃபோனை எடுத்துவிடுவார்கள். இடையில் ஏதாவது வழி உண்டா?

கருவேலன்

லையர்ஸ் டைஸ். ஆளுக்கு ஐந்து பகடை, ஒரு கப். எல்லாரும் ஒரே நேரத்தில் ஆடலாம், பொய் சொல்வதுதான் ஆட்டமே. ஒரு சுற்று பத்து நிமிடத்தில் முடிந்துவிடும்.

ஏழாங்கடல்

நான் மூன்றாம் பதிப்புக் காலத்திலிருந்து நடத்துகிறேன், சூதாட்டக் காட்சி என்றால் தனிப் பிரியம். தம்பி, ஆட்டம் சின்னதாக இருக்கட்டும், பணயம் பெரிதாக இருக்கட்டும்.

ஆட்டத்துக்கு இதை எடுத்துக்கொள். விடுதிக்காரி சொல்கிறாள்: "ரெண்டு பகடை, இருபத்துநாலு வீச்சு. ஒரு தடவை இரட்டை ஆறு விழுந்தா உங்களுக்கு. விழலேன்னா எனக்கு." ஒரே பகடையை நான்கு முறை உருட்டினால் ஆறு விழும் வாய்ப்பு சுமார் 51.8%. இரண்டு பகடையை 24 முறை உருட்டி இரட்டை ஆறு விழும் வாய்ப்பு சுமார் 49.1%. இரண்டும் ஒன்றுதான் என்று மனசு சொல்லும். 17ஆம் நூற்றாண்டு பிரான்சில் ஷெவாலியே த மெரே என்ற எழுத்தாளரைக் குழப்பியது இதே கணக்குதான். 1654இல் கணித மேதை பாஸ்கல் இதைப் பற்றி இன்னொரு கணித மேதை ஃபெர்மாவுக்குக் கடிதமே எழுதினார். அந்தச் சின்ன வித்தியாசத்தில்தான் விடுதி பிழைக்கிறது. நான்கு பேரும் ஆளுக்கு ஆறு வீச்சு உருட்டட்டும், ஒருத்தரும் ஃபோனைத் தொட மாட்டார்கள். இருபதாவது வீச்சைத் தாண்டினால் விடுதியே சேர்ந்து எண்ணுவதுபோல் நீ குரல் கொடு.

இதில் டி20 (இருபது பக்கப் பகடை) வேண்டாம். ஹாஃப்லிங் என்ற குள்ள இனத்தாரின் அதிர்ஷ்டமும், டிவினேஷன் விசார்ட் (குறி பார்க்கும் மந்திரவாதி) முன்பே உருட்டி வைக்கும் போர்ட்டெண்டும் டி20 ரோலுக்குத்தான் செல்லும். ஆறு பக்கப் பகடையில் அவை எடுபடாது. செக் எல்லாம் ஏமாற்றும்போதும் ஏமாற்றைக் கண்டுபிடிக்கும்போதும் மட்டும்.

ஏமாற்று என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். ஜெர்மனியில் 1985இல் ரோமானியர் காலத்துப் பகடைக் கோபுரம் ஒன்று கிடைத்தது. மேலே போட்டால் உள்ளே படிகளில் உருண்டு கீழே வந்து விழும், கைவித்தைக்கு இடமில்லை. மந்திரமே இல்லாத உலகத்தில் அவ்வளவு எச்சரிக்கை என்றால், மேஜ் ஹேண்ட் (மந்திரக் கை) இருக்கும் உலகத்தில் விடுதிக்காரி சும்மா இருப்பாளா? டிடெக்ட் மேஜிக் (மந்திரத்தைக் கண்டறியும் மந்திரம்) போட ஒரு கிழட்டு மந்திரவாதியைச் சம்பளத்துக்கு வைத்திருப்பாள். அவர் அதை ரிச்சுவலாக (சடங்காக) போட்டால் பத்து நிமிடம் ஓதணும், அப்புறம் பத்து நிமிடம்தான் தாங்கும். உங்கள் ரோக் அந்த இடைவெளியைக் கண்டுபிடிக்கட்டும். அவனுக்கு வேலை அதுதான், பகடை இல்லை.

இனி பணயம். காசு வைத்தால் சுவாரஸ்யம் கிடையாது, தோற்றதை அடுத்த குகையில் எடுத்துவிடுவார்கள். ரோமானிய வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் ஜெர்மானியர்களைப் பற்றி எழுதியதைப் பார். எல்லாம் தோற்ற பிறகு கடைசி வீச்சில் தங்கள் விடுதலையையே வைப்பார்களாம். தோற்றவன், ஜெயித்தவனைவிட இளையவனாகவும் வலுவானவனாகவும் இருந்தாலும், தானே போய்க் கட்டுண்டு நிற்பானாம். தருமர் கதை தெரிந்த நமக்கு இது புதிதில்லை. நோர்வே மன்னர் ஓலாவும் ஸ்வீடன் மன்னரும் ஹீசிங் என்ற தீவுப்பகுதியையே பகடையில் வைத்ததாக ஒரு பழங்கதை உண்டு. இருவருக்கும் பன்னிரண்டு விழுகிறது. மறுபடி ஸ்வீடன்காரருக்குப் பன்னிரண்டு. ஓலாவ் வீசும்போது ஒரு பகடை பிளந்து இரு துண்டும் மேலே காட்ட, மொத்தம் 13! எனக்கு இதைவிடப் பிடித்த சூதாட்டக் காட்சி இல்லை.

உங்கள் ஊரிலும் அப்படி வைக்கணும். கப்பலில் ஓர் இடம், சுங்க முத்திரை, பலாடின் (புனித வீரன் பாத்திரம்) யாரிடமும் சொல்லாத பெயர். எதை வைப்பது என்று கேரக்டரே முடிவு செய்யட்டும்.

நிலாச்சோறு

ஆட்டத்துக்கு முன்னால் நான்கு பேரிடமும் தனித்தனியாக ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். ஆன்லைன் ரம்மியில் பணத்தை விட்ட வீடுகள் நம்மைச் சுற்றி எத்தனையோ இருக்கின்றன. எங்கள் குழுவில் ஒருவருக்குக் கடன்காரன் வரும் காட்சி வேண்டவே வேண்டாம் என்றிருந்தது. அதைத் தவிர்த்தே நடத்தினோம், காட்சி நன்றாகவே வந்தது. அப்புறம், மேசையில் நிஜக் காசு வேண்டாம், பத்து ரூபாய்கூட.

மணல்மேடு_டிஎம்

ஏழாங்கடல் அண்ணா, இருபத்துநாலு வீச்சை அப்படியே எடுத்துக்கொள்கிறேன். நிலாச்சோறு, இன்றே கேட்டுவிடுகிறேன். இன்னொரு சந்தேகம்: மூன்று செக்கிலும் தோற்றால் வைத்த பணம் போவதோடு அதே அளவு கடனும் சேரும் என்று அந்த விதி சொல்கிறது. அந்தக் கடனை வைத்துக்கொள்ளலாமா?

ஏழாங்கடல்

நிலாச்சோறு சொன்னபடி கேட்டு, எல்லாருக்கும் சம்மதம் என்றால் வைத்துக்கொள். ஆனால் கடன் விடுதிக்காரியிடம் இருக்க வேண்டாம். அன்றிரவே அவள் அதைச் சுங்க அதிகாரிக்கு விற்றுவிடட்டும். அவனுக்குக் காசு வேண்டாம், கடத்தல்காரர்களின் கிடங்கு எங்கே என்று தெரிந்தால் போதும். அடுத்த இரண்டு செஷனுக்கு உனக்கு வேறு கதையே தேவைப்படாது.